பாவ்-லியனின் ட்ரோன் எட்டு வருஷமாகத் தொலையவில்லை

ஊருக்குத் திரும்பிய ஆறாவது நாள் என் ட்ரோனைக் கடலில் விட்டேன். நாலு வருஷம் என்னோடு ஊர் ஊராகச் சுற்றியது அது. ஆண்டிஸ் மலைச் சரிவில் பறந்திருக்கிறது, ஜார்ஜியாவில் ஆட்டு மந்தைகளுக்கு மேலே பறந்திருக்கிறது. அங்கெல்லாம் ஒரு கீறல் விழவில்லை. நான் பிறந்து வளர்ந்த பெங்ஹு தீவில், பெய்-சுய் கிராமத்தில், எங்கள் வீட்டுக் காய்கறித் தோட்டத்தில்தான் அதற்குக் காலம் வந்தது.

தோட்டத்தைச் சுற்றி ஆளுயரப் பவளக்கல் சுவர். சுவருக்குள் முட்டைக்கோஸ் இலைகூட அசையவில்லை. அதை நம்பி மேலே ஏற்றினேன். சுவரைத் தாண்டியதும் யாரோ வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டதுபோல் தென்மேற்கே இழுபட்டது. பதறிப்போய் வீடு திரும்பும் பொத்தானை அழுத்தினேன். அது சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை. திரும்பும் முன் அறுபது மீட்டர் உயரத்துக்கு ஏறவேண்டும் என்று நானே எப்போதோ சொல்லிவைத்திருந்தேன், அதன்படி ஏறியது. ஏற ஏறக் காற்று கூடியது. மூக்கு எங்கள் வீட்டைப் பார்த்தபடி இருக்க, முழு வேகத்தில் முன்னால் பறந்துகொண்டே, பின்பக்கமாகக் கடலுக்குள் போய்விட்டது.

மறுநாள் கோயில் வாசலில் சுய்-மூ அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார். எங்கள் ஊர்க் கல்பட்டியைப் பராமரிக்கும் ஆறு பேருக்கு அவர்தான் தலைவர். கடலுக்குள் கல்லடுக்கிக் கட்டிய நீளமான சுவர்தான் கல்பட்டி. கடல் ஏற்றத்தில் உள்ளே வரும் மீன், நீர் வடியும் வற்றத்தில் வெளியே போக வழியில்லாமல் நிற்கும்.

"வியட்நாமுக்கு அனுப்பிட்டியாமே, யூ-தான். விசா எடுத்தியா அதுக்கு?"

"நக்கல் பண்ணாதீங்கண்ணே."

"நக்கலா? என் மச்சான் ரெண்டு விட்டான். பள்ளிக்கூட வாத்தியார் ஒண்ணு. கல்யாணத்துக்குப் படம் புடிக்க வந்தவன், பொண்ணு மாப்பிள்ள தலைக்கு மேலயே ஏத்தி, அப்படியே விட்டான். இந்தத் தீவுல தொலைக்காத ஆளே இல்ல." கொஞ்சம் யோசித்தார். "பாவ்-லியனத் தவிர."

"அவங்க பறக்கவே விட மாட்டாங்களா இருக்கும்."

"வாரத்துக்கு நாலு நாள் விடுறா. எட்டு வருஷமா, ஒரே மெஷின்."

அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. ஐப்பசி பிறந்தால் வடகிழக்குக் காற்று ஆறு மாதம் ஓயாத தீவு இது. மரம்கூட நிமிர்ந்து வளராது. இதில் எட்டு வருஷம், ஒரே மெஷின். அடுத்த இரண்டு வாரம் நான் பாவ்-லியன் அக்காவின் பின்னாலேயே திரிந்ததற்கு வேறு காரணம் இல்லை.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. குள்ளம், கனத்த தோள், வெயிலில் வெளுத்த தொப்பி. கல்யாணமான கையோடு கௌஷுங் நகரத்துக்குப் போய், பதினான்கு வருஷம் ஒரு கேமரா லென்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். பட்டாணியளவு லென்ஸ்களை நுண்ணோக்கியில் வைத்துத் தூசி இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு. வடிகட்டிய காற்று மட்டும் வரும் அறை.

"பதினாலு வருஷத்துல அந்த ரூமுக்குள்ள என் தலைமுடி ஒண்ணு அசைஞ்சிருக்காது," என்றாள் ஒருநாள்.

"நிம்மதிதானே?"

"செத்தவளுக்கு நிம்மதிதான்."

அம்மாவுக்கு முடியாமல் போனபோது ஊருக்கு வந்தாள். அம்மா போன பிறகும் திரும்பிப் போகவில்லை. கல்பட்டிக்காரர்களுக்கு மேலிருந்து படம் எடுத்துத் தர ஆள் தேவைப்பட்டது. லென்ஸைப் பற்றி அவளுக்குத் தெரியும், காற்றைப் பற்றியும் தெரியும். ட்ரோன் வாங்கினாள்.

கணவர் கோ-தாங் கௌஷுங்கிலேயே இருந்துவிட்டார். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் பம்பு பழுது பார்க்கிறவர். மகள் அவரோடு இருந்து படித்தாள். ட்ரோன் வாங்கிய புதிதில் அவர் வந்து பார்த்துவிட்டுக் கப்பல்துறையில் சிரித்தாராம்: "இந்தக் காத்துல இது ஒரு மாசம் தாங்காது. தாங்கலன்னா என்ன பண்ணுவ?" அக்காவும் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள்: "இது திரும்பி வராத அன்னிக்கு நான் கப்பலேறி வந்துடறேன், போதுமா?"

விளையாட்டாகச் சொன்னது. வருஷம் ஏற ஏற அதுவே சட்டமாகிவிட்டது. அவர் தொலைபேசியில் எப்படியிருக்கே என்று கேட்பதற்கு முன் 'அது எப்படியிருக்கு?' என்றுதான் கேட்பார். இந்த வருஷம் மகளும் படிப்புக்காகத் தைபே போய்விட்டாள். அவர் தனியாளாகிவிட்டார். கேள்வியில் இப்போது சிரிப்பு குறைந்துவிட்டது என்று அக்கா சொன்னாள்.

ஆக, அந்த மெஷின் விழுந்தால் அக்கா ஊரை விட்டுப் போகவேண்டும். ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம் இது.

அவள் காற்றைச் சோதிக்க வைத்திருந்த முதல் கருவியைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. சின்னப் பிள்ளைகள் விடும் பட்டம். ஆனால் நூலில் பத்துப் பத்து மீட்டருக்கு ஒரு சிவப்புத் துணிக்கீற்று கட்டியிருந்தாள். பட்டம் ஏறியதும் அதை விட்டுவிட்டுத் துணிகளையே பார்த்தாள்.

"மூணாவது துணி வரைக்கும் ஒழுங்கா படபடக்குது பாரு. நாலாவது என்ன பண்ணுது?"

"விறைச்சு நிக்குது."

"அப்போ இன்னிக்கு எனக்கு வானம் முப்பது மீட்டர்தான். அதுக்கு மேல வேற யார் வீடோ."

பட்டத்தைச் சுருட்டிய பிறகே ட்ரோன் வெளியே வரும். தானாக வீடு திரும்பும் உயரத்தை அன்றைய வானத்துக்கும் கீழே குறைத்து வைப்பாள். என்னுடையது அறுபதில் இருந்ததைச் சொன்னபோது கண்ணை மூடிக்கொண்டாள். "எதுக்கு? இங்க என்ன அறுபது மீட்டர்ல மாடி வீடா இருக்கு இடிக்க?"

மேலே ஏற்றியதும் கையை எடுத்துவிட்டு ஒரு நிமிஷம் சும்மா நிறுத்துவாள். அது நின்ற இடத்தில் நிற்கிறதா, எவ்வளவு சாய்ந்து நிற்கிறது என்று பார்ப்பாள். ரொம்பச் சாய்ந்தால் அப்படியே இறக்கிப் பெட்டியில் வைத்துவிடுவாள். போகும்போது எப்போதும் காற்றுக்கு எதிரே. திரும்பும்போது காற்று முதுகில். பேட்டரி பாதிக்கு வந்தால் முடிந்தது, இன்னும் ஒரே ஒரு படம் என்ற பேச்சு கிடையாது.

இதெல்லாம் எந்தக் கையேட்டிலும் இருக்கும். நானும் படித்திருக்கிறேன். ஆனால் பறக்கவிடும் நாள் காலையில் அவள் வண்டியை எடுத்துக்கொண்டு எங்கோ போய் வருவாளே, அது எந்தக் கையேட்டிலும் இல்லை. எங்கே போகிறாள் என்று கேட்டால் "கீழ" என்பாள். காற்று போகும் திசைக்கு அதுதான் பெயர். மெஷினைக் காற்று அடித்துக்கொண்டு போனால் எங்கே போய் விழுமோ, அந்த இடத்தை முன்கூட்டியே போய்ப் பார்த்து, அந்த இடத்துக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவாள்.

இன்னொன்றும் இருந்தது. எங்கள் ஊரில் குளிர்காலத்தில் ஒருவர் வந்தால் முதலில் கொடுப்பது நாற்காலியை அல்ல, காற்றுப் படாத இடத்தை. சுவர் ஓரம் உட்கார்ந்திருப்பவர் நகர்ந்து, "இங்க வா, இங்க காத்தில்ல" என்பார். அதை வேண்டாம் என்பது, கொடுத்த தேநீரைக் கொட்டுவது மாதிரி. அக்கா எட்டு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். பறக்கவிடும் நேரத்தில் சுவரிலிருந்து பத்தடி தள்ளி, மொட்டை வெளியில், காற்றைக் கன்னத்தில் வாங்கிக்கொண்டு நிற்பாள். எவ்வளவு கூப்பிட்டாலும் வரமாட்டாள். திமிர் பிடித்தவள் என்று பெயர்.

"கன்னத்துல படலன்னா எனக்குக் கண்ணக் கட்டுன மாதிரி," என்றாள் என்னிடம். "திரையில காத்து எவ்வளவுன்னு நம்பர் வரும். அது வர்றதுக்குள்ள கன்னத்துக்குத் தெரிஞ்சிடும்."

செப்டம்பர் கடைசியில் அடித்த புயலில் எங்கள் கல்பட்டியின் மேற்குக் கோடி சரிந்துவிட்டது. மீன் தங்கும் குழியைச் சுற்றிய பகுதி அது. அது இல்லாமல் மீதி நானூறு மீட்டர் சுவரும் வீண். அக்டோபர் விடுமுறையை ஒட்டி வந்த பெரிய வற்றத்தில் நாலே நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம், அந்தக் குழியில் நின்று வேலை செய்யலாம். எந்தக் கல் எங்கே உருண்டு கிடக்கிறது என்று மேலிருந்து பார்க்காமல் இறங்கினால் ஒரு நாள் தேடுவதிலேயே போய்விடும். முதல் நாள் மாலை நாலரைக்கு வற்றம். அன்றைக்கே படம் வேண்டும் என்றார் சுய்-மூ அண்ணன்.

அதே விடுமுறைக்குக் கோ-தாங் அண்ணனும் வந்திருந்தார். ஐம்பத்திரண்டு வயது, வழுக்கை, எதையும் இரண்டு முறை யோசித்துப் பேசுகிறவர். அக்கா வேலை செய்வதை அவர் நேரில் பார்த்ததே இல்லையாம். "இந்தத் தடவ வர்றேன்," என்றார். சாப்பாட்டு மேசையில் பூசணிக்காய் சேமியாவை அளைந்துகொண்டே அவர் கேட்டார்: "இந்த வருஷமாவது எதாச்சும் யோசிச்சியா?"

"மெஷின் நல்லாதான் இருக்கு," என்றாள் அக்கா.

அவர் சேமியாவை வாயில் வைத்தார்.

படம் எடுக்கும் நாள் காலை 'கீழே' போனபோது நானும் அக்காவின் பின்னால் வண்டியில் இருந்தேன். கல்பட்டி இருக்கும் முனையிலிருந்து வளைகுடாவைத் தாண்டித் தெற்கே நான்-வெய் கிராமம். காற்றின் நேர்ப்பாதையில் அது இல்லை; நேர்ப்பாதையில் வெறும் கடல்தான். கொஞ்சம் இடதுபக்கம் ஒதுங்கினால்தான் நான்-வெய் கரை. கரையோரம் தேன்கூடு மாதிரி சுவர் வைத்த தோட்டங்கள். மூன்றாவது தோட்டத்துக்காரி ஜின்-யே அத்தை வேர்க்கடலைக் கொடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"அத்தே, சாயங்காலம் என் மெஷின் இங்க விழுந்தாலும் விழும். நாயக் கட்டி வையுங்க."

"எட்டு வருஷமா இதையேதான் சொல்ற. ஒருநாளும் விழல. அந்த நாயி செத்தே போச்சு."

"அப்போ உங்களத்தான் கட்டி வைக்கணும்."

"போடி," என்றாள் அத்தை, ஒரு பிடி கடலையை என் சட்டைப்பையில் திணித்தபடி.

மாலை நாலு மணிக்குப் பட்டம் விட்டாள். நாலாவது துணி வரை ஒழுங்கு. ஐந்தாம் நிலைக் காற்று, அவள் ஒத்துக்கொள்ளும் கடைசி அளவு. பாசி வழுக்கும் பாறைமேல், கரைச் சுவரின் ஓரமாக எல்லாரும் நின்றோம். கல்பட்டிக்காரர்கள் ஆறு பேர், நான், கோ-தாங் அண்ணன். சுய்-மூ அண்ணன் வழக்கம்போல், "சுவத்துப் பக்கம் வா, சாரல் அடிக்குது," என்றார். அக்கா வழக்கம்போல் தலையாட்டிவிட்டு வெளியிலேயே நின்றாள்.

ட்ரோன் ஏறியது. நின்று பார்த்தது. காற்றுக்கு எதிரே முனை வரை போய், அங்கிருந்து கல்பட்டிச் சுவரின்மேல் வரிவரியாகப் படம் எடுத்துக்கொண்டு மேற்கே நகர்ந்தது. சரிந்த இடம் காற்றுக்குக் கீழே இருந்ததால் அன்று மட்டும் திரும்புவது எதிர்காற்றில்தான். அலை உடைந்து சாரல் வந்தது. அக்கா திரையைச் சட்டைக் கையால் துடைத்தாள். மறுபடி சாரல், மறுபடி துடைத்தாள்.

அப்போதுதான் கோ-தாங் அண்ணன் தன் மழைச்சட்டையின் பித்தான்களைக் கழற்றினார். அவள் பக்கத்தில் வடகிழக்காகப் போய் நின்று, சட்டையின் இரண்டு பக்கத்தையும் இறக்கை மாதிரி விரித்துப் பிடித்தார். சாரல் நின்றது. திரை தெளிந்தது. அக்கா ஒரு கணம் அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்லப் போனாள், சொல்லவில்லை. கல்பட்டிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். சுய்-மூ அண்ணன், "நாங்க எட்டு வருஷமா கூப்பிடுறோம், வரல," என்றார்.

பின்னால் ஒருநாள் கேட்டேன், ஏன் அவரைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை என்று. "முதல் தடவையா வந்து நிக்கிறாரு. தள்ளி நில்லுங்கன்னு எப்படிச் சொல்றது?" என்றாள்.

ஏழெட்டு நிமிஷம் அந்தச் சட்டைக்குள் நின்று வேலை பார்த்தாள். மேற்குக் கோடியில் சரிந்த இடம் முழுக்கப் படமாகிவிட்டது. பேட்டரி ஐம்பது. திருப்பினாள்.

ட்ரோன் எங்களைப் பார்த்துத் திரும்பியது. ஆனால் பெரிதாகவில்லை. அக்கா விசையை முழுக்க முன்னால் தள்ளினாள். திரையில் வேகம் பூஜ்யம் என்று காட்டியது. பிறகு பின்னோக்கி இரண்டு. பலத்த காற்று, உடனே தரையிறக்கவும் என்று சிவப்பில் எழுத்து ஓடியது. தரையிறக்கக் கீழே கடல்தான் இருந்தது.

அவள் மழைச்சட்டைக்கு வெளியே ஓரடி வைத்தாள். காற்று தொப்பியைக் கழற்றிக்கொண்டு போனது. அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"எப்போ ஏறுச்சு இது?"

நாங்கள் எல்லாரும் சுவர் மறைவில் இருந்தோம்.

கோ-தாங் அண்ணன் விரித்த சட்டையோடு அப்படியே நின்றார். அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. "நானா?" என்றார்.

"பேசாம இருங்க கொஞ்சம்."

அலைக்குமேல் பத்து மீட்டர் உயரத்துக்கு இறக்கினாள். கீழே காற்று சற்றுக் குறைவு. மெஷின் நகரத் தொடங்கியது, வினாடிக்கு ஒரு மீட்டர். அக்கா வாய்க்குள் கணக்குப் போட்டாள். "ஐநூறு மீட்டர். எட்டு நிமிஷத்துக்கு மேல ஆகும். இந்த வேகத்துல பேட்டரி ஆறு நிமிஷம் நிக்கும்." மெஷின் தானாக வீடு திரும்பட்டுமா என்று திரை கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினாள். பத்து வினாடி கண்ணெடுக்காமல் திரையைப் பார்த்தாள். பிறகு மெஷினின் மூக்கை எங்களுக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பினாள்.

"ஏய், எங்க போற?" என்றார் சுய்-மூ அண்ணன். "வீடு இந்தப் பக்கம்."

"வீட்டுக்கு வராது. வர வைக்கப் பாத்தா நடுக்கடல்ல விழும்."

காற்றோடு போகவிட்டாள். அதுவரை நின்ற இடத்தில் திணறிக்கொண்டிருந்தது, இப்போது கல்லெறிந்த மாதிரி போனது. நேரே போனால் கடல். இடதுபக்கம், இடதுபக்கம் என்று ஒதுக்கிக்கொண்டே இருந்தாள். கட்டைவிரல் வெளுத்துவிட்டது. திரையில் தண்ணீர், தண்ணீர், பிறகு பாறை, பிறகு சாம்பல் நிறக் கட்டங்களாகத் தோட்டச் சுவர்கள். மூன்றாவது கட்டம் பச்சை. பன்னிரண்டு மீட்டர் உயரத்தில் படம் உறைந்து நின்றது. கரை மறைத்துவிட்டது, சிக்னல் இல்லை.

"விழுந்துச்சா?" என்றேன்.

"தெரியாது. கடைசியா இறங்குன்னு சொன்னேன். கேட்டுச்சா, சுவத்தத் தாண்டிப் பறந்துச்சான்னு தெரியாது." அவள் உடம்பை அசைக்கவில்லை. "நான் இங்கயே நிக்கிறேன். ஒருவேள மறுபடி எழும்புனா சிக்னல் வரும். நீ வண்டிய எடு, யூ-தான். இருட்டுறதுக்குள்ள போ."

"நான் ஓட்டுறேன்," என்றார் கோ-தாங் அண்ணன்.

வளைகுடாவைச் சுற்றிப் பதினோரு கிலோமீட்டர். குறுக்குக் காற்றில் வண்டி சாய்ந்து சாய்ந்து போனது. நான் பின்னால் அவருடைய ஈர மழைச்சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பாதி தூரம் போயிருப்போம். அவர் காற்றுக்குமேல் கத்தினார்:

"கெடைக்கலன்னா எனக்கு லாபம். தெரியுமா உனக்கு?"

"ஊருக்கே தெரியும்ணே."

"நாளைக்கே அவ கப்பல் ஏறணும். சொன்ன வாக்கு." கொஞ்ச தூரம் போனோம். "அப்புறம் எதுக்கு நான் இவ்வளவு வேகமா ஓட்டுறேன்?"

எனக்கும் அதே கேள்விதான் இருந்தது. கேட்டேன். அவர் யோசித்தார், வழக்கம்போல் இரண்டு முறை.

"சட்டையப் பிடிச்சது நான்ல. இப்படி ஒண்ணு நடந்து அவ வந்தா, வந்து என் எதிர்ல உக்காந்து சாப்பிடுவா. நான் அவள எப்படிப் பாக்குறது?"

நான்-வெய் கரையில் வண்டியைப் போட்டுவிட்டு ஓடினோம். முதல் தோட்டம் காலி. இரண்டாவதில் பழைய வலை. மூன்றாவதில் ஜின்-யே அத்தை, கவிழ்த்துப் போட்ட துணி துவைக்கும் தொட்டிமேல் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். வேர்க்கடலைப் பாத்தி நடுவே நாலடிக்குக் கொடி அறுபட்டுச் சிதறிக் கிடந்தது.

"வந்துச்சு," என்றாள்.

"எங்கத்தே?"

"எனக்கு அடியில. விழுந்து, அறுத்த கோழி மாதிரி துள்ளுச்சு. பக்கத்துல போனா விரல வாங்கிடும்னு தொட்டியக் கவுத்தேன். அப்பவும் தொட்டியத் தூக்கிட்டுப் போகப் பாத்துச்சு. அதான் உக்காந்துட்டேன். நிக்க எவ்வளவு நேரம் ஆச்சுங்கற? என் முட்டி வரைக்கும் நடுங்குது."

தொட்டியைத் தூக்கினோம். தலைகீழாகக் கிடந்தது. இறக்கைகளில் இரண்டு முறிந்திருந்தன, கேமரா முகத்தில் மண். வயிற்றில் அக்கா ஆரஞ்சு வண்ணத்தில் எழுதிய தொலைபேசி எண் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. கோ-தாங் அண்ணன் மண்டியிட்டு அதைத் திருப்பினார். பம்பு திறக்கிற ஆள். எங்கே தொடவேண்டும், எங்கே தொடக்கூடாது என்று கைக்குத் தெரிந்திருந்தது. கேமராவிலிருந்து மண்ணை ஊதினார். மெமரி கார்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்.

"இத மொதல்ல பத்திரமா வை."

அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "அத்தைக்குக் கடலைக்கொடி போச்சா?" என்றாள். போச்சு என்றேன். "நாளைக்கு வந்து மீதிய நானே பிடுங்கித் தர்றேன்னு சொல்லு."

அன்று இரவுச் சாப்பாட்டுக்குச் சுய்-மூ அண்ணனும் வந்திருந்தார், படம் பார்க்க. கணினித் திரையில் கல்பட்டி முழுசாக விரிந்தது. புயல் கல்லைக் கடல் பக்கம் உருட்டியிருக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். படத்தில் பார்த்தால் பெரிய கற்கள் எல்லாம் உள்பக்கம், குழிக்குள்ளேயே கிடந்தன. தேடவே வேண்டியதில்லை. சுய்-மூ அண்ணன் ஒவ்வொரு கல்லாக விரல் வைத்து எண்ணினார். அவர் முகத்தில் இத்தனை வெளிச்சம் நான் பார்த்ததில்லை. வேலை முடிந்ததும் அவருக்கு வாய் அரித்தது.

"அப்போ தீர்ப்பு என்ன? திரும்பி வராத அன்னிக்குன்னுதானே பேச்சு. இது திரும்பி வரல. தூக்கிட்டு வந்தாங்க."

"தொலையலையே," என்றேன் நான்.

"தொலையறதப் பத்திப் பேச்சே இல்ல. வார்த்தை 'திரும்பி'."

கோ-தாங் அண்ணன் முறிந்த இறக்கையை மேசைமேல் சுற்றிக்கொண்டிருந்தார். "விடுங்க. அது என் தப்புல நடந்தது. கணக்குல வராது."

"அப்போ எட்டு வருஷக் கணக்கு மறுபடி மொதல்லேர்ந்தா?" என்றார் சுய்-மூ அண்ணன்.

"இல்ல," என்றாள் அக்கா.

அவள் எழுந்து கணினியை மூடினாள். காற்றுப்பூண்டு மூலிகைத் தேநீரை எல்லாருடைய கோப்பையிலும் ஊற்றினாள். உட்கார்ந்த பிறகுதான் பேசினாள், அவரைப் பார்த்து.

"இன்னிக்கு அது நின்ன இடத்துலயே நின்னுச்சே, அப்போ நான் மெஷினப் பத்தி நெனைக்கல. துணிமணிய எந்தப் பெட்டியில வைக்கிறதுன்னு நெனைச்சேன். பத்து வினாடி அதத்தான் நெனைச்சேன். பறக்க விடுற நேரத்துல அப்படி நெனைச்சா நாளைக்கு நெசமாவே தொலைச்சிடுவேன். அதனால இதோட அந்தப் பேச்சு போதும். அது விழட்டும், தொலையட்டும், புதுசு வாங்குறேன். நான் கௌஷுங்குக்கு வரல."

சுய்-மூ அண்ணன் கோப்பைக்குள் பார்த்தார். நான் எழுந்துவிடலாமா என்று யோசித்தேன்.

"எட்டு வருஷமா இத நீ சொன்னதே இல்ல," என்றார் கோ-தாங் அண்ணன்.

"நீங்களும் வந்துடுன்னு சொன்னதில்ல. அது எப்படியிருக்குன்னுதான் கேட்டீங்க."

அவர் தேநீரைக் குடித்தார். கசப்புக்கு முகத்தைச் சுளித்தார். இந்தத் தீவின் தேநீர் அவருக்கு எப்போதுமே பிடித்ததில்லை. மறுநாள் காலை அக்கா கடலை பிடுங்க நான்-வெய் போனபோது அவரும் கூடப் போனார். இரண்டு நாள் கல்பட்டிக் குழியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கல்லும் தூக்கினார். இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவேண்டும் என்று ஆசையாக இருந்தது, கேட்கவில்லை.

திங்கட்கிழமை கப்பலுக்கு அவரை வண்டியில் கொண்டுவிட்டேன். அக்காவும் தன் வண்டியில் வந்தாள். படியேறப் போனவர் திரும்பி வந்தார்.

"இங்க பம்பு, படகு மோட்டார் ரிப்பேர் பாக்கறவங்க எத்தன பேர் இருக்காங்க?"

"மூணு பேர்," என்றாள் அக்கா. "எதுக்கு?"

"சும்மா. வேலை தெரிஞ்சவங்களா?"

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒருத்தனுக்கும் தெரியாது," என்றாள்.